அகக்காழும் புறக்காழும்: கள்ளக்குறிச்சியில் ஒரு கலை மாணவர் வெளியைக் கற்பது

திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் நடந்ததாக வைணவ மரபு சொல்லும் கதை பலருக்கும் தெரிந்ததுதான். ஒரு வீட்டின் இடைகழியில் பொய்கையாழ்வார் ஒதுங்கிப் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் நனைந்தபடி வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கிற இடத்தில் இருவர் இருக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே பேயாழ்வார் வந்தார். இருவர் இருக்கிற இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் எழுந்து நின்றார்கள். அதன்பின் கண்ணுக்குத் தெரியாத நான்காவது ஒருவர் நெருக்குவதை உணர்ந்தார்கள் என்று கதை பக்திக்குள் நுழைந்துவிடும்.

நுழைவதற்கு முன் அந்த இடைகழியிலேயே கொஞ்சம் நிற்கலாம். அதன் நீள அகலத்தைக் கதை சொல்வதில்லை. படுத்த உடல், அமர்ந்த உடல், நின்ற உடல் என்ற மூன்று அளவுகளை மட்டும் தருகிறது. ஆனாலும் கேட்டவர் மனத்தில் அந்த இடம் துல்லியமாகப் பதிந்துவிடுகிறது. தரைப்பரப்பு கடைசிவரை மாறவே இல்லை. உடல் எழ எழ இடம் உண்டாயிற்று. முப்பரிமாண இட வடிவமைப்பு என்ற பெயரில் கலைக் கல்லூரிகள் இன்று நடத்தும் பாடத்தின் முதல் வகுப்பை இதைவிடச் சுருக்கமாக நடத்திவிட முடியாது.

அந்த ஊர்க் கோயிலில் நிற்பவரும் இடத்தை அளந்தவர்தான். ஒரு காலை ஊன்றி மறுகாலை வானோக்கி உயர்த்திய உலகளந்த பெருமாள். அந்தப் பெரிய திருமேனி மரத்தாலானது என்பது கோயில் வழக்கு. உடலால் இடத்தை அளந்த கதையும், அளந்த உடலை மரத்தில் நிறுத்திய வடிவமும் இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள் ஒரே ஊரில் இருக்கின்றன. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தின் சமவெளியில் மரச்சிற்பப் பட்டறைகள் உண்டு. மேற்கே கல்வராயன் மலையில் மூங்கிலும் மண்ணும் புல்லும் கொண்டு வீடு கட்டிய மரபு உண்டு. தட்டைத் தாளில் வரைந்து பழகிய ஒரு மாணவர் வெளியைக் கையாளத் தொடங்கும் முதல் மாதங்களில் இந்த இரண்டும் அவருக்கு என்ன சொல்லித்தரும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பட்டறையும் மலைவீடும் வெளியின் இரு வேறு இலக்கணங்கள். ஒன்றை மட்டும் கற்றவர் பாதிதான் கற்றிருக்கிறார் என்பது என் வாதம்.

தாள் தரும் பழக்கம்

பள்ளியில் ஓவியம் நன்றாக வந்தது என்பதற்காக நுண்கலைக் கல்லூரிக்கு வருகிற மாணவர் கனசதுரத்தை மூன்று முகம் தெரியும்படி வரைவார். ஒரு முகத்துக்கு நிழல் தீட்டினால் அது கனசதுரமாகவே தோன்றும். மறைந்திருக்கும் மற்ற மூன்று முகங்களைப் பற்றி அவர் கவலைப்பட வேண்டியதில்லை. பார்ப்பவரின் கண்ணைத் தாள் ஓரிடத்தில் கட்டிப்போட்டுவிடுகிறது.

கையில் முதன்முதலாக ஒரு மரக்கட்டை வரும்போது இந்தப் பழக்கம்தான் காலை வாருகிறது. கட்டையின் முன்பக்கத்தில் பிள்ளையாரை வரைந்துகொள்வார். கோட்டுக்கு வெளியே இருப்பதைக் கொத்தித் தள்ளுவார். நேரே நின்று பார்த்தால் பிள்ளையார் தெரிவார், பக்கவாட்டில் போனால் பலகைதான் தெரியும். தொந்தி முன்னால் தள்ளுவதற்கு மரம் மிச்சமில்லை, தும்பிக்கை வளைவதற்கும் இடமில்லை. மண்ணில் செய்கிறவரும் இதே தவற்றைத்தான் செய்வார். ஆனால் மண் மன்னித்துவிடும், குறைந்த இடத்தில் இன்னொரு உருண்டையை அப்பிக்கொள்ளலாம். மரத்தில் அது நடக்காது.

நம் சிற்ப நூல்கள் இந்தச் சிக்கலைப் பெயரிட்டே வகுத்திருக்கின்றன. எல்லாப் பக்கமும் முழுமையாக அமைந்த உருவத்துக்குச் சித்திரம் என்று பெயர். சுவரிலோ பலகையிலோ ஒட்டிப் பாதி புடைத்து நிற்பது சித்திரார்த்தம். சுவரிலும் துணியிலும் தீட்டுவது சித்திராபாசம், அதாவது உருவத்தின் தோற்றப் போலி. இன்றைய பேச்சில் சித்திரம் என்றால் தாளில் வரைந்த படம்; ஆபாசம் என்ற சொல்லோ வேறெங்கோ போய்விட்டது. பழைய வரிசையில் முழு உருவம்தான் முதல், படம் அதன் நிழல். மாணவரின் பயணம் இந்த வரிசையில் கீழிருந்து மேலே போகிறது: ஆபாசத்திலிருந்து அர்த்தமாகிய பாதிக்கு, அங்கிருந்து முழுமைக்கு. முன்பக்கம் மட்டும் கொத்திய அந்தப் பலகைப் பிள்ளையார் நடு வழியில் நிற்கிறார் என்று சொல்வதே நியாயம்.

தொல்காப்பியர் பிரித்த இரண்டு

பொருளைப் பற்றிப் பேசத் தொல்காப்பியம் நல்ல தொடக்கம். மரபியலில் தாவரங்கள் இரண்டாகப் பிரிகின்றன. வயிரம் வெளியே இருப்பவை புல். வயிரம் உள்ளே இருப்பவை மரம். காழ் என்பது வயிரம், அதாவது தண்டின் உறுதியான பகுதி. பனையும் தெங்கும் மூங்கிலும் புறக்காழ். வாகையும் வேம்பும் தேக்கும் அகக்காழ். உயரத்தையோ தடிமனையோ பாராமல் வலிமை எங்கே குடியிருக்கிறது என்பதை வைத்துச் செய்த பிரிவு இது. தாவரவியலும் இதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது. மூங்கில் புல் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்தப் பிரிவைச் சட்டம் நெடுங்காலம் ஏற்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மரம் என்ற சொல்லுக்குள் மூங்கிலையும் சேர்த்திருந்தது. காட்டுக்கு வெளியே வளர்ப்பவர்கள் வெட்டவும் கொண்டுபோகவும் அதனால் இடர்ப்பட்டார்கள். 2017இல் வந்த திருத்தம்தான் அந்த வரையறையிலிருந்து மூங்கிலை நீக்கியது.

வடிவமைப்பவருக்கு இந்தப் பிரிவு வேறொரு வகையில் உதவுகிறது. உள்ளே வயிரம் உள்ள பொருளைக் குடைந்தும் செதுக்கியும் உள்ளே போகலாம். எவ்வளவு உள்ளே போனாலும் பிடிப்பு இருக்கும். வெளியே வயிரம் உள்ள பொருளை அப்படிச் செதுக்கினால் வலிமை முழுவதும் சில்லாகக் கீழே விழும். அதைப் பிளக்கலாம், வளைக்கலாம், பின்னலாம், கட்டலாம். ஆக, அகக்காழ் நீக்கிப் பெறும் கலைக்கும் புறக்காழ் சேர்த்துப் பெறும் கலைக்கும் உரியவை. கள்ளக்குறிச்சியின் தரையும் மலையும் இந்த இரண்டையும் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

வாகை: நீக்கிப் பெறும் உரு

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவலூர் வட்டாரங்களில் இந்தத் தொழில் குவிந்திருக்கிறது. மன்னராட்சிக் காலங்களில் மதுரைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்தவர்களோடு இந்த வேலைப்பாடு வந்தது என்பது அதையொட்டிச் சொல்லப்படும் வரலாறு. தெற்கே பெரம்பலூர் மாவட்டத்தில் அரும்பாவூர் இருக்கிறது. அந்த ஊர்ச் சிற்பத்துக்கு 2020இலேயே குறியீடு வந்துவிட்டது. சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டியும் பெயர்பெற்ற மரச்சிற்ப ஊர். கல்வராயன், பச்சைமலை போன்ற குன்றுகளின் அடிவாரத்தில் இப்படி ஒரு மரச்சிற்ப வட்டாரமே உருவாகியிருக்கிறது.

பட்டறையில் வேலை தொடங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்போம். அறுத்துச் சதுரித்த வாகைக் கட்டையின் முன்முகத்தில் மேலிருந்து கீழாக ஒரு நடுக்கோடு விழும். சிற்ப நூல் இதைப் பிரம்ம சூத்திரம் என்கிறது. உருவத்தின் எந்த உறுப்பும் இந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் கணக்கு. பிறகு உயரத்தைப் பங்கிடுவார்கள். முகத்தின் நீளத்தை ஒரு தாளமாகக் கொண்டு உடலை அளக்கும் முறை தாளமானம். உத்தம தசதாளத்தில் மொத்த உயரம் 124 பங்கு. மத்திம தசதாளத்தில் 120. நவதாளத்தில் 108 பங்கு என்பது பரவலான ஒரு கணக்கு. பங்குக்கும் அங்குலம் என்றுதான் பெயர், ஆனால் அது அளவுகோலில் உள்ள அங்குலம் ஆகாது. எடுத்துக்கொண்ட உருவத்தின் உயரத்தையே வகுத்துப் பெறும் அலகு அது. முப்பத்தொரு அங்குல உயரக் கட்டையில் உத்தம தசதாளம் செய்தால் ஒரு பங்கு சரியாகக் கால் அங்குலம் வரும். கட்டை இருமடங்கானால் பங்கும் இருமடங்காகும்.

பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே வகுத்த மாடுலர் அளவுமுறை 1.83 மீட்டர் உயர மனிதனை அடிப்படையாகக் கொண்டது. உடல்தான் இடத்துக்கு அளவு என்பதில் தாளமானமும் மாடுலரும் ஒன்று. ஆனால் மாடுலரில் அந்த மனிதனின் உயரம் மாறாது. தாளமானத்தில் விகிதம் மட்டுமே மாறாது. கைப்பிடி அளவுப் பிள்ளையாரும் ஆளுயரப் பிள்ளையாரும் ஒரே கணக்கில் பிறக்க இதுவே வழி.

கோடு விழுந்ததும் கோடரியும் வாச்சியும் வேலைக்கு வரும். பெரிய சில்லுகளாக மரம் கழியும். அடுத்து உளியும் கொட்டாப்புளியும். புதிதாக வந்த மாணவர் உடனே கண்ணையும் காதையும் செதுக்கப் பார்ப்பார். அப்போது பெரியவர் சொல்வது அநேகமாக இப்படித்தான் இருக்கும்: “தம்பி, கட்டையத் திருப்பு.” ஒரு பக்கத்தில் நாலு வெட்டு, திருப்பு, அடுத்த பக்கத்தில் நாலு வெட்டு, திருப்பு. எல்லாப் பக்கமும் ஒரே நிலைக்கு வந்தபின்தான் அடுத்த ஆழம். வெளியே துருத்தி நிற்கும் முட்டியும் தொந்தியும் மூக்கும் முதலில் முடிவாகும்; குழிவு எல்லாம் கடைசியில். தாளில் கண் நிலைத்திருந்தது, இங்கே உரு சுழல்கிறது. மாணவர் இங்கே கற்கும் முதல் பாடம் கைத்திறனைவிட இந்தச் சுழற்சியைப் பற்றியது.

இரண்டாவது பாடத்தை மரத்தின் நார் கற்பிக்கும். நார் ஓடும் திசையில் உளி போனால் வழுக்கிக்கொண்டு போகும். எதிர்த்துப் போனால் பிய்த்தெடுக்கும். நாரின் போக்கில் அமைந்த கால் உறுதியாக நிற்கும். நாருக்குக் குறுக்கே நீட்டிய கை ஒரு தட்டில் ஒடியும். அதனால்தான் ஒற்றைக் கட்டையில் செய்த உருவங்களின் கைகள் உடலை ஒட்டியே இருக்கும், அல்லது நீட்டிய கையைத் தனியே செய்து பொருத்தியிருப்பார்கள். தாளில் கை எங்கே வேண்டுமானாலும் நீளும், மரத்தில் நீள வேண்டுமானால் மரத்தைக் கேட்க வேண்டும்.

மூன்றாவது பாடம் துளை. இடுப்புக்கும் மடித்த முழங்கைக்கும் நடுவே உள்ள மரத்தைக் கழித்துக்கொண்டே போகிறபோது, ஒரு கட்டத்தில் உளி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். அந்தக் கீற்றில் வெளிச்சம் நுழையும். அதுவரை மாணவர் உருவத்தைத்தான் செய்துகொண்டிருந்தார். இப்போதுதான் காலியிடம் ஒன்றையும் செய்திருக்கிறார். கையின் வடிவம் சரியா என்று பார்க்க, கைக்கும் உடலுக்கும் இடையில் உள்ள அந்த முக்கோண இடைவெளியின் வடிவத்தைப் பார்த்தால் போதும் என்பது அன்றைக்குப் புரியும். ஹங்கேரியக் கலைஞர் மொகோலி-நாகி 1929இல் வெளியிட்ட தம் நூலில் சிற்பத்தின் வளர்ச்சியை ஐந்து படிகளாக வகுத்தார்: திரண்ட கட்டை, குழிந்த உரு, துளைத்த உரு, சமநிலையில் தொங்கும் உரு, இயங்கும் உரு. முதல் மூன்று படிகளையும் ஒரே பிள்ளையாரில் ஒரு மாணவர் கடந்துவிடுகிறார்.

மரம் காயும்போது வெடிப்பதற்கும் காரணம் உண்டு. ஈரம் போகப்போக மரம் நீளவாட்டில் கிட்டத்தட்ட சுருங்குவதே இல்லை. வளர்வளையத்தின் சுற்றுத்திசையில்தான் மிகுதியாகச் சுருங்கும். மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் அதில் ஏறக்குறையப் பாதி. இந்த இழுபறி தீர வழியில்லாவிட்டால் பிளவு விழும். பருத்த உருவத்தின் உள்ளே குடைந்துவிட்டால் இழுபறி தணியும். ஜப்பானில் ஜோச்சோ என்ற சிற்பி 1053இல் முடித்த பியோதோ-இன் அமிதபுத்தர், பல கட்டைகளைக் குடைந்து பொருத்திய உள்ளீடற்ற உருவம். உள்ளே காலி இருப்பதால்தான் வெளியே உரு நிலைக்கிறது.

நீக்குவதன் மூலமே இடத்தை உண்டாக்கலாம் என்பதற்குப் பெரிய சான்று பக்கத்து மாவட்டத்தில் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், மூன்று கருவறை கொண்ட கோயிலைப் பாறையில் குடைவித்தான். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இல்லாமல் எடுத்தது என்று அங்குள்ள கல்வெட்டு பெருமிதம் கொள்கிறது. அதுவரை கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி. உருவத்துக்கு வெளியே உள்ளதை மரச்சிற்பி நீக்குகிறார். அறைக்கு உள்ளே இருந்ததை மகேந்திரனின் தச்சர்கள் நீக்கினார்கள். இரண்டும் ஒரே இலக்கணம்.

மூங்கில்: கட்டிப் பெறும் வெளி

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மேற்கே போனால் கோமுகி அணை வரும். அதைத் தாண்டினால் மலை ஏறத் தொடங்கும். கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. வெள்ளிமலையும் கரியாலூரும் மேலே உள்ள முக்கிய ஊர்கள். இங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. மலையில் வாழ்பவர் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழ். சாமையும் மரவள்ளியும் விளையும். கடுக்காய் காட்டிலிருந்து வரும்.

அவர்களின் பழைய வீடு கற்றுத்தருவது பட்டறைக்கு நேர் எதிரான பாடம். நட்ட கம்புகள், அவற்றுக்கிடையே பிளந்த மூங்கிலைப் பின்னிய தட்டி, தட்டியின் இருபுறமும் செம்மண் பூச்சு, மேலே புல் வேய்ந்த கூரை. எதையும் செதுக்கி எடுத்ததாகச் சொல்ல இடமில்லை. எல்லாமே ஒன்றோடு ஒன்று கட்டிச் சேர்த்தவை. கட்டுவதற்கு நார்தான். ஆணி அடித்தால் மூங்கில் நீளவாட்டில் பிளந்துபோகும். கட்டு இறுக இறுக அதன் சுற்றுவட்டத்தைச் சேர்த்துப் பிடிக்கும்.

மூங்கிலின் வலிமை அதன் குழாய் வடிவில் இருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை, பொருள் முழுவதும் ஓரத்தில் உள்ளது. ஒரு கம்பு வளையும்போது ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நெருக்குண்ணும். நடுப்பகுதி பெரும்பாலும் சும்மா இருக்கும். சும்மா இருப்பதை மூங்கில் வைத்துக்கொள்வதே இல்லை. குழாய் நசுங்கிவிடாமல் இருக்கக் கணுக்கள் குறுக்குச் சுவராக நிற்கின்றன. தொல்காப்பியர் புறக்காழ் என்ற ஒரே சொல்லில் குறித்ததைப் பொறியியல் பாடநூல் பல பக்கங்களில் விளக்குகிறது.

மாணவர் இந்தப் பாடத்தை நான்கு மூங்கில் சிம்புகளோடு தொடங்கலாம். சதுரமாகக் கட்டி நிறுத்திப் பார்க்கட்டும். லேசாகத் தள்ளினால் சாய்சதுரமாகப் படுத்துவிடும். மூலைக்கு மூலை இன்னொரு சிம்பைக் குறுக்கே கட்டினால் அசையாது. மூன்று பக்கத்தின் நீளம் முடிவானால் முக்கோணத்தின் வடிவமும் முடிவாகிவிடும். நாலு பக்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இதைக் கணக்கு வகுப்பில் கேட்டபோது புரியாதவர்களுக்கும் கையில் சாயும்போது புரிந்துவிடும்.

அடுத்தது சுவர். சட்டம் மட்டும் இருக்கும்போது உள்ளும் புறமும் ஒன்றுதான், கண் தடையில்லாமல் போய்வரும். தட்டி வைத்ததும் காற்று மட்டும் போய்வரும். மண் பூசியதும் வெளிச்சம் நின்றுவிடும், உள்ளே ஒரு குளிர்ச்சி பிறக்கும். ஒரு அறை ஒரேயடியாக வராமல், கோடாக வந்து, வலையாக மாறி, கடைசியில் பரப்பாகிறது. மரச்சிற்பத்தில் பருப்பொருள் முதலில், இடைவெளி கடைசியில். மலைவீட்டில் இடைவெளி முதலில், பருப்பொருள் கடைசியில்.

கூரையைக் கவனிக்காமல் இந்தப் பாடம் முடியாது. மழையும் காற்றும் சுவரைத் தின்னாமல் இருக்கக் கூரை விளிம்பு தாழ்ந்து வரும். நுழைகிறவர் குனிந்தாக வேண்டும். குனிந்து நுழைந்து உள்ளே நிமிரும்போது, வெளியிலிருந்து சிறியதாகத் தெரிந்த இடம் உள்ளே உயரமாகப் படும். திருக்கோவலூர் இடைகழிக் கதையில் உடல் எழ எழ இடம் உண்டானது போலவே இங்கும் குனிவும் நிமிர்வும் இடத்தைச் செய்கின்றன. சாமையை வைக்கும் பரணும் தரைக்கும் கூரைக்கும் நடுவே இன்னொரு தளத்தை உண்டாக்கிவிடும். ஒரே அறைக்குள் நிற்க ஓர் உயரம், படுக்க ஓர் உயரம், தானியத்துக்கு ஓர் உயரம்.

மலையிலும் இன்று தளம் போட்ட வீடுகள் பெருகிவிட்டன. புல் கூரையை அடிக்கடி மாற்ற வேண்டும், நெருப்புக்கு அஞ்ச வேண்டும். அதில் குடியிருப்பவர் உறுதியான வீடு கேட்பது நியாயம். மாணவர் அங்கே போக வேண்டியது ஏக்கப்பட அல்ல. கட்டத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே அந்தக் கட்டுகளை வரைந்து, அளந்து, கட்டிப் பார்த்துக் கற்க வேண்டும்.

இரண்டும் சேரும் இடம்

அகக்காழும் புறக்காழும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும் வடிவம் ஒன்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் உண்டு. அதுதான் தேர். தேரின் அடித்தட்டு இலுப்பை போன்ற உறுதியான மரத்தில் செய்தது. அடுக்கடுக்காகச் சிற்பப் பலகைகள் பதித்தது. ஆண்டு முழுவதும் வெயிலிலும் மழையிலும் தேரடியில் நிற்பது. திருவிழா நெருங்கும்போது அதன்மேல் மூங்கிலும் சவுக்கும் கொண்டு சாரம் எழும். சீலையும் தொம்பையும் தொங்கும். விழா முடிந்ததும் அவிழ்த்துவிடுவார்கள்.

திருவாரூர் ஆழித்தேரின் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டும். அடிப்பகுதி 30 அடி. அதன்மேல் மூங்கிலாலும் துணியாலும் எழும் அலங்காரம் 48 அடி. விமானம் 12 அடி, கலசம் 6 அடி. மொத்தம் 96. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பகுதி செதுக்கிய கனம். மேலே உள்ளதெல்லாம் கட்டிய வெளி. கீழே கனம் இருப்பதால் சாயாது, மேலே எடையில்லாததால் உயர முடிகிறது. வடம் பிடித்ததும் அந்த வெளி முழுவதும் நகரும். மொகோலி-நாகி கடைசிப் படியாகக் கண்ட இயங்கும் உருவை நம் ஊர்கள் ஆண்டுக்கொரு முறை தெருவில் இழுக்கின்றன.

ஒரு கலை மாணவர் தன் ஊர்த் தேர் கட்டப்படும் நாட்களில் பக்கத்தில் நின்று, அன்றன்று மாலையில் ஒரு படம் வரைந்து வந்தால், அந்தப் படங்களின் வரிசையே முதலாண்டு இட வடிவமைப்புப் பாடமாகும். தேர் ஓடும் நாளைவிடத் தேர் கட்டும் நாட்களே அவருக்குத் திருவிழா.

சென்னையும் வைமாரும்

நம் கல்லூரிகள் இந்தப் பாடத்தை எப்படிக் கற்பித்தன? 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு நுண்கலைக் கல்லூரி. 1929இல் அதன் தலைமைக்கு வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி மண்ணில் உருவாக்கி வெண்கலத்தில் வார்க்கும் மரபை ஊன்றினார். மெரினாவில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலை அவருடையது. பாறையை நகர்த்தும் நால்வரின் கால்களுக்கும் கைகளுக்கும் இடையில் உள்ள சாய்ந்த இடைவெளிகளை மூடிவிட்டால் அந்தச் சிலையின் முயற்சியே செத்துப்போகும். அதைச் சுற்றி நடந்து பார்க்கிறவருக்கு ஒவ்வோர் அடியிலும் அந்த இடைவெளிகள் வேறு வடிவம் எடுப்பது தெரியும். ராய் சௌத்ரிக்குப் பின் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் பள்ளி வேறு திசை கண்டது, எஸ். தனபால் மாணவர் பலரைச் சிற்பத்துக்குள் அழைத்துவந்தார், பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டைத் தட்டியும் மடித்தும் உருவம் கண்டார். மண்ணைச் சேர்ப்பதும் மரத்தை நீக்குவதும் போக, மடிப்பது மூன்றாவது வழி.

மடிப்பதை முதலாண்டுப் பாடமாக்கியது ஜெர்மனியின் பவுஹவுஸ். வால்ட்டர் குரோப்பியஸ் 1919இல் வைமார் நகரில் தொடங்கிய பள்ளி அது. 1923 முதல் அங்கே கற்பித்த யோசப் ஆல்பர்ஸ் மாணவர்களிடம் தாளைக் கொடுத்து, பசையின்றி, வீணாக்காமல், வெட்டியும் மடித்தும் அதை நிற்கவைக்கச் சொல்வார். படம் வரைய மட்டுமே பயன்பட்ட தாள் சுமை தாங்கும் பொருளாக மாறுவதை அவர்கள் கையால் கண்டார்கள். பவுஹவுஸ் கலைஞர்களின் படைப்புகள் 1922 டிசம்பரிலேயே கல்கத்தாவில் காட்சிக்கு வந்திருந்தன. அந்தக் கல்விமுறையின் தாக்கம் 1961இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனம் வழியாக இந்தியாவில் பரவியது. ஓலையைக் கிழித்து மடித்துக் கொட்டானாகப் பின்னும் ஊரில் பிறந்த மாணவருக்கு ஆல்பர்ஸின் பயிற்சி அந்நியமாக இருக்கத் தேவையில்லை. ஆனால் கொட்டானைப் பாடமாக யாரும் சொல்லித்தராததால் அது அந்நியமாகத் தெரிகிறது.

மரபுச் சிற்பத்துக்கென்று 1957இல் மாமல்லபுரத்தில் அரசுக் கல்லூரி தொடங்கியது. அங்கே கல், சுதை, உலோகம், மரம் எல்லாம் பாடம். விளைவாக இரண்டு தனி ஓடைகள் உண்டாயின. தாளமானம் அறிந்தவர் ஒரு பக்கம், வெளியைக் கருத்தாகப் பேசத் தெரிந்தவர் இன்னொரு பக்கம். மூங்கில் வீட்டைக் கலைப் பாடமாக இந்த இரண்டு பக்கமும் கருதவில்லை. அது மானிடவியலுக்குப் போய்விட்டது.

முதலாண்டுக்கு மூன்று பயிற்சி

எனவே என் பரிந்துரை எளியது. நுண்கலை முதலாண்டு மாணவர்களுக்கு மூன்று பயிற்சிகள் வேண்டும். முதலாவது, ஒரு சாண் வாகைக் கட்டையில் இருவிரல் அகலத் துளை ஒன்று விழும்வரை செதுக்குவது. உருவம் எதுவாகவும் இருக்கலாம், மதிப்பெண் துளையின் வடிவத்துக்கு. இரண்டாவது, ஆணியும் பசையும் இல்லாமல் மூங்கில் சிம்பும் நாரும் கொண்டு ஒருவர் உட்காரும் கூடு கட்டுவது. மூன்றாவது, இரண்டையும் சேர்த்து, செதுக்கிய அடியின்மேல் கட்டிய உச்சி ஒன்றை நிறுத்துவது. அது நகர வேண்டும், நகரும்போது சாயக் கூடாது.

இவற்றைக் கற்பிக்கத் தகுந்தவர்கள் கள்ளக்குறிச்சிப் பட்டறைகளிலும் கல்வராயன் மலைச் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கல்லூரிகள் அழைப்பது புதிதில்லை. ஒருநாள் செய்முறை விளக்கம், ஒரு பொன்னாடை, ஒரு புகைப்படம் என்று அந்த அழைப்பு முடிந்துவிடுகிறது. புவிசார் குறியீடு பொருளின் பெயரைக் காக்கும். கற்பிக்கும் கைக்கு அது சம்பளம் தராது. ஒரு பருவம் முழுவதும், வருகைதரு ஆசிரியருக்குரிய ஊதியத்தோடு, பட்டறைக்காரரையும் மலைவீடு கட்டத் தெரிந்தவரையும் வகுப்பறையில் அமர்த்த வேண்டும். முனைவர் பட்டம் இல்லை என்பது அதற்குத் தடையாக இருக்குமானால், திருத்த வேண்டியது விதிமுறையைத்தான்.